மண்டாய்ப் பேருந்தில் ஏறியவர்கள்

சிங்கப்பூரில் ஒரு மனிதருக்கு யார் யார் இருந்தார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? அவர் இறந்த அன்று அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். போன ஆண்டு எங்கள் பெரியப்பா இறந்தபோது யீஷூனில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் கடலை, பாக்கெட் பானம். சம்பந்தி வீட்டார் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வந்தார்கள். ஜூரோங்கிலிருந்து மைத்துனர்கள், பிடோக்கிலிருந்து அத்தை பிள்ளைகள், கோயிலில் அவரோடு அன்னதானத்துக்குக் காய் நறுக்கியவர்கள், கூட வேலை பார்த்தவர்களில் மிச்சமிருந்த மூன்று பேர். மாலையில் அக்கம்பக்கத்துச் சீனர்கள் வெள்ளை உறையில் காசு வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து போனார்கள். ஆறாம் மாடி மலாய்ப் பெரியவர் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் மண்டாய் தகனச்சாலைக்குப் பேருந்து புறப்பட்டது. ஏறியவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பெரியம்மாவைத் தவிர ஒருவர்கூட அந்தப் புளோக்கில் குடியிருப்பவர் இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து போனவர்களோ பெரும்பாலும் அந்தப் புளோக்குக்காரர்கள். உயிருக்கு உயிரான உறவெல்லாம் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்க, தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் பழக்கம் மட்டும் இருக்கிறது. சமூகவியலில் முன்னதை வலுவான பிணைப்பு என்றும், பின்னதை மெல்லிய பிணைப்பு என்றும் சொல்வார்கள். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இரண்டும் இப்படித் தனித்தனியாகப் பிரிந்து போனது தற்செயல் இல்லை.

நகரம் வந்தால் உறவு போய்விடும் என்ற புலம்பல் பழையது. ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் டோனிஸ் 1887லேயே ஊர்க்கட்டு வாழ்க்கை கரைந்து ஒப்பந்த வாழ்க்கை வருகிறது என்று எழுதினார். சிகாகோவில் லூயிஸ் வர்த் 1938ல் அதையே இன்னும் கறாராகச் சொன்னார்: நகரத்தில் கூட்டம் பெருகப் பெருக மனிதர்கள் ஒருவரை ஒருவர் மேலோட்டமாகத்தான் அறிவார்கள். எங்கள் வீட்டில் இதே கருத்தைப் பெரியம்மா, "கம்பத்துல கதவே சாத்த மாட்டோம்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார். கம்பம் என்றால் பழைய கிராமத்துக் குடியிருப்பு.

பிறகு பேரி வெல்மன் என்ற ஆய்வாளர் டொரோன்டோ நகரின் ஈஸ்ட் யார்க் வட்டாரத்தில் 845 பேரிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார்: உங்கள் வீட்டுக்கு வெளியே உங்களுக்கு மிக நெருக்கமானவர்கள் யார்? 1979ல் வந்த அந்த ஆய்வின்படி கிட்டத்தட்ட எல்லாருக்குமே நெருங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் வெகுசிலரே அதே வட்டாரத்தில் குடியிருந்தார்கள். உறவு செத்துப்போகவில்லை, தெருவை விட்டுக் கிளம்பியிருந்தது. டொரோன்டோவில் மக்கள் தாமாக இடம் மாறினார்கள். இங்கே நம்மை மாற்றியதில் பாதி அரசாங்கத்தின் கணக்கு.

அதற்கு முன் நாம் எங்கே இருந்தோம் என்று பார்க்க வேண்டும். பழைய சிங்கப்பூரில் தமிழர்கள் தொழிலை ஒட்டியும் சொந்த ஊரை ஒட்டியும் கொத்துக் கொத்தாக இருந்தார்கள். செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு வட்டித்தொழில் நடத்தினார்கள். ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். கடையநல்லூர், தென்காசியிலிருந்து வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் பக்கம் திரண்டார்கள். மற்ற பல தமிழர்களைப் போல ஆண்கள் மட்டும் தனியாக வந்து போகாமல், அவர்கள் குடும்பமாக வந்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். 1941ல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1946ல் அது உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி நடத்தத் தொடங்கியது. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே பள்ளிவாசல், பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம்.

வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். பெரியப்பா அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பகுதியில் வேலை பார்த்தார். தமிழர்களும் மலையாளிகளும் அங்கே ஏராளம். வேலையும் அங்கேதான், குடியிருப்பும் அங்கேதான், கான்பரா ரோட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் முருகனும் இருந்தார். வேலைக்கு ஆள் தேவை என்றால் சங்கு ஊதுவதற்கு முன் சேதி தெரிந்துவிடும். அவசரத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு, பெண்ணுக்கு வரன் பார்க்கவும் உண்டு.

இதையெல்லாம் பொற்காலம் போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் மூச்சு விடவும் இடமிருக்காது. ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் யாரோடாவது பேசிவிட்டு வீடு வருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். சாதி பார்க்கிறவர்களுக்கும் அது வசதியான இடம்தான். அதைவிடப் பெரிய குறை வேறு. இப்படி நெருக்கமாகப் பின்னிய வலைக்குள் புதுச் சேதி வராது. எல்லாருக்கும் தெரிந்ததுதான் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கொத்துகளுக்கு நடுவே பாலம் போட்டவர்கள் சிலரே. பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். 1935ல் அவர் தொடங்கிய தமிழ் முரசு பத்திரிகை, தஞ்சோங் பகார் கடையிலும் கடற்படைத் தளத்திலும் சிராங்கூன் ரோட்டிலும் ஒரே சேதியைப் படிக்க வைத்தது. 1952ல் அவர் தொடங்கிய தமிழர் திருநாள், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்துவரும் ஒரே மேடைக்கு வர ஒரு காரணம் கொடுத்தது. 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர்களை விண்ணப்பிக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தினார். சட்டம் வந்திருக்கிறது, நமக்கும் பொருந்தும், இன்ன பாரத்தை நிரப்ப வேண்டும் என்ற தகவல் கூலி லைனுக்குள் தானாக வந்து சேராது. வெளியிலும் கால் வைத்த ஒருவர் கொண்டுவர வேண்டும்.

1960 பிப்ரவரியில், அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறந்தது. இன்று குடியிருப்பாளர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறார்கள். கம்பங்கள் கலைந்தன, கிட்டங்கிகள் இடிந்தன, 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை விட்டுக் கிளம்பினார்கள். தளத்துக் குடும்பங்களில் பல பக்கத்து யீஷூனுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நகர்ந்தன. மரத்தடி முருகனும் பின்னர் யீஷூனுக்கே குடிவந்தார். இன்று புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்று பெயர். பங்குனி உத்திரத்தன்று அங்கே போனால் பழைய கடற்படைத் தளத்துக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையைப் பார்க்கலாம்.

வீடு மாறினாலும் மக்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். 1980களின் இறுதியில் பிடோக், தெம்பனிஸில் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், யீஷூனில் இந்தியர்கள் என்று கூடிவருவதை அரசாங்கம் கவனித்தது. 1964 இனக்கலவரத்தை மறக்காத தலைமுறை அது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் நம்மவரான எஸ். தனபாலன். 1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. இந்தியர்களும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 2010ல் அது 12, 15 என்று உயர்ந்தது.

அந்தக் கணக்கை ஒரு புளோக்கில் போட்டுப் பாருங்கள். நூறு வீடுகளில் அதிகம் போனால் பதினைந்து. அந்தப் பதினைந்துக்குள்தான் தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, யுரேஷியர் எல்லாரும். ஆக, ஒரு தமிழ்க் குடும்பத்தின் பக்கத்து வீட்டுக்காரர் தமிழராக இல்லாமல் இருப்பதே இயல்பு. கலவரம் பார்த்த நாட்டில் இந்த ஏற்பாட்டின் பயனை நான் மறுக்கமாட்டேன். என் சின்ன வயதுத் தோழர்களில் பாதிப் பேர் அந்த விழுக்காட்டால் கிடைத்தவர்கள்.

ஆனால் சுமை எல்லார் தோளிலும் சமமாக விழவில்லை. சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் ஒரு இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. மிச்சமிருக்கும் சின்னக் கூட்டத்தில் வாங்குபவரைத் தேட வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும். விற்க முடியாமல் சிக்கிக்கொள்வோரிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல்தான் வந்தது. இன்னொரு சிக்கல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அம்மா இருக்கும் புளோக்கில் இந்தியர் விகிதம் நிரம்பியிருந்தால், அங்கே சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை மகள் வாங்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 20,000 வெள்ளி மானியம் கொடுப்பதும் இதே அரசாங்கம்தான். ஒரு கை பிரித்து வைக்க, இன்னொரு கை காசு கொடுத்துக் கூட்டி வைக்கிறது.

பக்கத்தில் குடியமர்த்திவிட்டால் பழக்கம் வந்துவிடுமா? அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்த லியோன் ஃபெஸ்டிங்கர் குழு, யாருக்கு யார் சிநேகம் என்பதைக் கதவுக்கும் கதவுக்கும் உள்ள தூரமே பெரிதும் தீர்மானிப்பதாக 1950ல் காட்டியது. மாடிப்படி ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதர்கள் கூடுதல். எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்.

நம் பழைய புளோக்குகளும் அப்படித்தான். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நாலைந்து மாடிக்கு ஒருமுறை நிற்கும், அங்கே இறங்கி நீளமான தாழ்வாரத்தில் நடந்து, படி ஏறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் பத்து வாசல், பத்து முகம், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரியும். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் எல்லா மாடியிலும் அதை நிற்க வைத்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அது தெய்வச் செயல். அதே நாளோடு அந்தப் பத்து வாசலும் போயிற்று. பொங்கோல், செங்காங் பக்கத்துப் புது புளோக்குகளில் மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் சில கதவுகள்தான், எல்லாம் சாத்தியிருக்கும். அங்கே பேச்சு தொடங்க இருக்கும் ஒரே சாக்கு பார்சல். "உங்க பார்சலை நான் வாங்கி வெச்சிருக்கேன்." பழைய நாளில் தேங்காய்ப்பால் கடன் கேட்டது மாதிரி.

இந்த மெல்லிய பழக்கத்தைக் குறைவாக எடைபோடக்கூடாது என்று முதலில் கணக்கோடு சொன்னவர் மார்க் கிரானொவெட்டர். பாஸ்டன் நகரின் புறத்தே நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973ல் வெளிவந்த விடை: அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தது 16.7 விழுக்காட்டினருக்கு. எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6. அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் 27.8. உங்கள் உயிர்த்தோழனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அரைகுறையாகப் பழகியவர்தான் வேறு உலகத்துச் சேதி கொண்டுவருவார். 2022ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளும் மெல்லிய பழக்கத்துக்கே சாதகமாக வந்தன. ஆனால் ஓரளவு மெல்லியதாக இருக்க வேண்டும், அடியோடு அறிமுகம் இல்லாதது உதவாது.

சிங்கப்பூரை வைத்துப் பார்த்தவர்களுக்கு விடை கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. யான்ஜிய பியான், சூன் ஆங் இருவரும் 1997ல் சீனாவின் தியென்ஜினையும் சிங்கப்பூரையும் ஒப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் வேலை வலுவான உறவு வழியாகவே அதிகம் கைமாறியது. உதவுகிறவரை நேரடியாகத் தெரியாவிட்டால், இருவருக்கும் நெருங்கிய ஒருவர் நடுவில் நின்றார். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சிபாரிசு செய்கிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். ஆள் சரியில்லாமல் போனால் முதலாளி முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பது? அதனால்தான் "நம்ம பையன்" என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றால் அது கண்ணெதிரே நடக்கும். தீவின் ஓரங்களில் இருக்கும் தங்குவிடுதிகளிலிருந்து ஊழியர்கள் வந்து, ஊர் ஊராக, அவரவர் வழக்கமான மூலையில் கூடுகிறார்கள். மச்சான் கூட்டிவந்தவர், மச்சானைக் கூட்டிவந்தவர், சித்தப்பா மகன் சொன்ன ஏஜெண்ட் மூலம் வந்தவர். இந்தச் சங்கிலி இல்லாமல் பலர் இங்கே வந்திருக்கவே முடியாது. அதே சங்கிலிதான் அவர்களைக் கட்டியும் வைக்கிறது. ஒரே ஏஜெண்ட், ஒரே கமிஷன், அதே சம்பளப் பேச்சு. வேறு கம்பெனியில் எவ்வளவு கொடுக்கிறார்கள், எந்தப் படிப்புப் படித்தால் எந்த அனுமதிச் சீட்டு கிடைக்கும் என்பதைப் பக்கத்து மூலையில் நிற்கும் வேற்றூர்க்காரன் சொல்லக்கூடும். ஆனால் அவனோடு பேச்சு குறைவு.

இன அடிப்படையில் கலந்து வைத்தாயிற்று. வேறு எந்தக் கோட்டில் பிரிந்திருக்கிறோம் என்று 2017ல் கொள்கை ஆய்வுக் கழகத்தின் ஆய்வு ஒன்று காட்டியது. வீவக வீட்டில் இருப்பவருக்குச் சராசரியாக வீவக வீட்டில் 4.3 நண்பர்கள், தனியார் வீட்டில் 0.8. அதாவது ஒரு முழு ஆள்கூட இல்லை. பிரபலப் பள்ளியில் படிக்காதவர்களுக்குப் பிரபலப் பள்ளிக்காரர் பழக்கம் 0.4. இனத்தைவிட வர்க்கம்தான் ஆழமான கோடு என்று ஆய்வாளர்கள் சொன்னபோது பலருக்கு அதிர்ச்சி. கோப்பிக்கடையில் உட்கார்கிறவர்களுக்கு அது புதுச் சேதி இல்லை.

நம்மவர்களுக்குள் இந்தக் கோடு இன்னொன்றோடு சேர்ந்து ஓடுகிறது. ஒரு பக்கம் உள்ளூர்க்காரர்: மூன்று நான்கு தலைமுறை, வீவக வீடு, பிள்ளைகளிடம் ஆங்கிலம். இன்னொரு பக்கம் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வங்கிக்கும் கணினித் துறைக்கும் வந்தவர்: பலர் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியில், பிள்ளைகளிடம் தமிழ். இன விகிதம் கொண்டோவுக்குப் பொருந்தாது. அங்கே ஒரே கோபுரத்தில் இருபது தமிழ்க் குடும்பம் இருந்தாலும் கேட்பாரில்லை. கொலு வைத்தால் படியெல்லாம் ஆள். பழைய கடற்படைத் தளத்தின் நெருக்கம் இன்று நீச்சல் குளத்தோடு திரும்பி வந்திருக்கிறது என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

இரு தரப்பும் கும்பிடுவது ஒரே கோயிலில், சாப்பிடுவது ஒரே வாழை இலையில். ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவரைப் பார்ப்பது அரிது. "ஊர்லேருந்து வந்தவங்க" என்று இவர்கள் சொல்வதிலும், "லோக்கல்" என்று அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். நட்டம் இரு பக்கமும். உள்ளூர்ப் பையனுக்கு நிறுவன உலகத்தின் கதவு எங்கே என்று காட்ட ஆளில்லை. வந்தவருக்கோ, கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போகிற மகனை எப்படித் தேற்றுவது என்று சொல்ல, அதை அனுபவித்த ஒரு அக்கா தெரியாது.

கலக்கும் இடங்கள் சில உண்டு. மொழி அதில் முக்கியமானது, ஆனால் அது மெலிந்துவருகிறது. நாட்டின் மொத்தக் குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறோம் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5. அப்படியும் தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பில் கொண்டோ பிள்ளையும் வீவக பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் வீட்டுப்பாட ஒப்படைப்பு பற்றிப் பேச ஆரம்பித்து வேறெங்கோ போய்விடுகிறார்கள். தமிழ் இல்லாத உயர்நிலைப்பள்ளிகளின் மாணவர்கள் கூடும் இடம் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். தஞ்சோங் பகார்க் கடையநல்லூரார் நடத்திய பள்ளி 1982ல் மூடப்பட்டது. பெயர் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று தீவின் எல்லா மூலையிலிருந்தும் வரும் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறது. ஓர் ஊர்க்காரர்களின் வலையாக இருந்தது பல வட்டாரத்துக்குப் பாலமாகிவிட்டது. சமூக மன்றப் பொங்கலையும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையும்விட இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். விழாவில் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடலாம், வகுப்புக்கு வாராவாரம் வந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிதறிய சொந்தத்தைக் காலை வணக்கப் படங்களால் கட்டி வைத்திருக்கிறது. புது ஆளை அறிமுகப்படுத்துவதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபடுகிறவர்கள் முதியவர்கள். 2010ல் 12.2 விழுக்காடாக இருந்த ஒருநபர் வீடுகள் 2020ல் 16 விழுக்காடு ஆயின. வலுவான உறவு ரயிலேறி வர ஒரு மணி நேரம் ஆகும். மாரடைப்புக்கும் குளியலறையில் வழுக்கி விழுவதற்கும் அத்தனை பொறுமை கிடையாது. அந்த நேரத்தில் கதவைத் தட்டக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான், அவரோடு பேச மொழி வேண்டும். பெரியம்மா தலைமுறைக்கு பாசார் மலாய் இருந்தது. தமிழ் அம்மாவும் ஹொக்கியன் ஆன்ட்டியும் இலக்கணம் இல்லாத அந்தச் சந்தை மொழியில் ஆயுள் முழுக்கக் குடும்பக் கதை பேசினார்கள். அடுத்த தலைமுறைக்கு ஆங்கிலம் வந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கும் பாட்டிக்கு இரண்டும் இல்லை. பிற்பகலில் கீழ்த்தளத்துக் கல்மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் புடவைக்காரப் பாட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெரியப்பாவின் உடல் கிளம்பியபோது வீட்டில் இருந்த எல்லாரும் மண்டாய்க்குப் போக வேண்டியிருந்தது. வீட்டைக் கழுவிவிட நின்ற சித்தியும் கடைசி நேரத்தில் அழுதுகொண்டே பேருந்தில் ஏறிவிட்டார். சாவி யாரிடம் என்று யாரும் யோசிக்கவில்லை. திரும்பி வந்து மின்தூக்கியை விட்டு இறங்கியபோது, மூன்று வாசல் தள்ளியிருக்கும் சீன ஆன்ட்டி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சாவி பல வருடமாக அவரிடம்தான் இருந்ததாம், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தரை கழுவி ஈரமாக இருந்தது. சக்கர நாற்காலியில் வந்த பெரியம்மாவைப் பார்த்து எழுந்து நின்று, "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று.